ரவுட்டருக்கு எது நினைவிருக்கும், எது மறந்துபோகும்

சுங்கை சிப்புட்டில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் 3 மணிக்கு மேல் வானம் இருட்டினால் என் கைத்தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். முதலில் இடி, அப்புறம் கரண்டு ஒரு தடவை போய் வரும், அதற்கடுத்து "அண்ணே, லைன் போச்சு". மளிகைக் கடை, மருந்துக் கடை, தோட்டத்து ஆபீஸ், செம்பனை எண்ணெய் ஆலை என்று எல்லா இடத்திலிருந்தும் இதே வாக்கியம்தான் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் ஈப்போவுக்கு ஆளை அனுப்பி 200 வெள்ளி, 300 வெள்ளி கொடுத்துப் புது ரவுட்டர் வாங்கிவிட்டிருப்பார்கள். ஓரமாகத் தூக்கி வைத்த பழைய ரவுட்டரைப் போட்டுப் பார்த்தால் பல நேரம் நன்றாகவே வேலை செய்யும்.

மின்னல் நிஜமாகவே கொன்ற ரவுட்டர்களும் உண்டு, மறுக்கவில்லை. உலகத்தில் இடி மின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. செம்புக் கம்பி வழியாகத் தொலைபேசி இணைப்பு வந்த காலத்தில் மின்னல் அந்தக் கம்பியிலேயே ஏறி மோடத்தைச் சுட்டுவிடும். இப்போது பல வீடுகளுக்கு ஃபைபர் வந்துவிட்டது, கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அடாப்டர் பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் நான் பார்த்தவரை இடிக்குப் பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு எரிந்துபோனதால் வருவதில்லை, மறந்துபோனதால் வருவது. ரவுட்டர் எதை எங்கே வைத்திருக்கிறது, கரண்டு போனால் எது அழியும், எது தங்கும், எது நிரம்பினால் மூச்சு முட்டும் என்று தெரிந்துகொண்டால் நம் ஊரில் வீணாகும் பணம் எவ்வளவோ மிச்சமாகும். அதைவிட எனக்கு முக்கியம், எஸ்பிஎம் முடித்துவிட்டு வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல தொழில். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், ரவுட்டர் என்ன வேலை செய்கிறது. நிறைய பேர் அதற்கு இணையத்தின் முழு வரைபடமும் தெரியும் என்று நினைக்கிறார்கள், பாடம் எடுத்தவர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செம்பனைத் தோட்டத்துக்குள் முதல் தடவையாகக் குலை ஏற்ற வரும் லோரி ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி செம்மண் சாலை. அவரிடம் வரைபடம் கிடையாது, போகவேண்டிய பிளாக் எண் மட்டும்தான் இருக்கிறது. சந்திக்குச் சந்தி பலகை இருக்கும், அது காட்டும் பக்கம் திரும்பி அடுத்த சந்தி வரைக்கும் போவார், அங்கே இன்னொரு பலகை. ரவுட்டர் என்பது அந்தச் சந்தி. "இந்த முகவரிக்குப் போகிறாயா, இந்தப் பக்கம் போ" என்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது. அதற்கு அப்பால் பாக்கெட், அதாவது நாம் அனுப்பும் தகவலின் சிறு துண்டு, எந்தெந்த ஊர் வழியாகப் போய்ச் சேர்கிறது என்பது பொதுவாக அதற்குத் தெரியவும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை.

இந்தத் தகவல்கள் இருக்கும் இடத்தின் பெயர் ரவுட்டிங் டேபிள், வழி அட்டவணை. ஓர் எண்ணெய் ஆலையின் தோட்டத்து ஆபீஸில் இப்படி மூன்று வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10.20.0.0/16 என்றால் ஆலைப் பக்கம் அனுப்பு. 10.20.5.0/24 என்றால் லோரி எடை போடும் அறைக்குப் போகும் வயர்லெஸ் பக்கம் அனுப்பு. 0.0.0.0/0 என்றால் இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் அனுப்பு. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண், முகவரியின் 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், முன்னாலிருந்து எத்தனை பிட் ஒத்துப்போகவேண்டும் என்பதைச் சொல்கிறது. இப்போது 10.20.5.9 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட் வருகிறது. மூன்று வரியும் அதற்குப் பொருந்தும், ஏனென்றால் /0 என்பது எல்லா முகவரிக்கும் பொருந்தும் வரி. இதில் எது ஜெயிக்கும் என்றால், அதிகப் பிட் ஒத்துப்போகும் வரி. இங்கே /24. வரிகள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது ஒரு பொருட்டே இல்லை. இணையம் முழுவதும் ஓடுவது இந்த ஒரு விதியில்தான்.

அந்த விதியின் பலத்தை உலகம் பார்த்த நாள் 2008 பிப்ரவரி 24. பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. பாகிஸ்தான் டெலிகொம் தன் நாட்டுக்குள் மட்டும் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற வழியை உருவாக்கியது, அது எல்லை தாண்டி வெளியே கசிந்துவிட்டது. யூடியூப் அப்போது தன் முகவரிகளை 208.65.152.0/22 என்று அறிவித்திருந்தது. 24 என்பது 22-ஐவிட நீளம், அவ்வளவுதான் விஷயம். உலகத்தின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போகவேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குத் திரும்பின. எந்த ரவுட்டரும் கெட்டுப்போகவில்லை, ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி சரியாகவே நடந்தது. யூடியூப் முதலில் அதே /24-ஐத் தானும் அறிவித்தது, பிறகு அதைவிட நீளமான /25 துண்டுகளை அறிவித்தது. எல்லாம் சரியாவதற்கு ஏறக்குறைய 2 மணி நேரம் ஆனது.

அட்டவணையில் வரிகள் எப்படி வந்து சேர்கின்றன என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் போகவேண்டிய இடம் வேறு. ரவுட்டரோடு நேராக இணைந்திருக்கும் வலைப்பின்னல்கள் தானாக வரும். ஆள் கையால் எழுதுவது ஸ்டேட்டிக் வழி. மீதியை ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக் கற்றுக்கொள்ளும், அப்படிப் பேசும் விதிமுறைக்கு நெறிமுறை என்று பெயர். பழைய ரிப் நெறிமுறை 30 விநாடிக்கு ஒரு தடவை தன் அட்டவணையையே பக்கத்து ரவுட்டருக்குச் சொல்லும், 15 தாவலுக்கு (ஒரு ரவுட்டரைக் கடப்பது ஒரு தாவல்) மேல் இருந்தால் எட்டாத இடம் என்று கைவிட்டுவிடும். ஓஎஸ்பிஎஃப் அப்படி இல்லை, தன் வட்டாரத்தின் இணைப்புகள் எல்லாவற்றையும் சேகரித்து, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறும்பாதைக் கணக்கைப் போட்டு வழி கண்டுபிடிக்கும். நாடுகளையும் பெரிய நிறுவனங்களையும் இணைப்பது பிஜிபி. 1989 ஜனவரியில் டெக்சஸில் நடந்த ஒரு கூட்டத்தின்போது கர்க் லோஹீட், யாக்கோவ் ரெக்டர் என்ற பொறியாளர்கள் சாப்பாட்டு மேசையில் காகிதக் கைக்குட்டைகளில் எழுதிய வடிவம்தான் அதன் ஆரம்பம். ஒரே இடத்துக்குப் பல பேர் வழி சொன்னால் யாரை நம்புவது என்பதற்கும் எண் உண்டு. ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் கருவிகளில் நேரடி இணைப்புக்கு 0, கையால் எழுதியதற்கு 1, ஓஎஸ்பிஎஃப் சொன்னதற்கு 110, ரிப் சொன்னதற்கு 120. சின்ன எண்ணுக்கே நம்பிக்கை அதிகம்.

சரி, இந்த அட்டவணை எங்கே இருக்கிறது? இங்கேதான் எனக்கு ஆர்வம் கூடும்.

இன்றைய ரவுட்டர்களின் மூதாதை ஐஎம்பி என்ற பெட்டி. 1969 ஆகஸ்ட் இறுதியில் முதல் ஐஎம்பி லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கியது. ஹனிவெல் 516 என்ற கணினியை எடுத்து பிபிஎன் நிறுவனம் மாற்றிக் கட்டியது அது. அதன் நினைவகம் 16 பிட் சொற்களாக 12கே, இன்றைய கணக்கில் 24 கிலோபைட். ஒரு சின்னப் புகைப்படம்கூட அதில் அடங்காது. ஆனால் அந்த நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது, கரண்டு போனாலும் எழுதியது அழியாது. இன்றைக்கு நாம் வேகத்துக்காக அந்தக் குணத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, அழியாத நினைவகத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

அதே ஐஎம்பிகளின் காலத்தில்தான், ரவுட்டிங்கும் நினைவகமும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்று காட்டிய சம்பவம் நடந்தது. 1980 அக்டோபர் 27 அன்று, ஐஎம்பிகளால் இணைக்கப்பட்ட, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் முழுவதும் சில மணி நேரம் முடங்கிப்போனது. ஒவ்வொரு ஐஎம்பியும் தன் நிலைமையை ஒரு சிறு செய்தியாக எல்லோருக்கும் அனுப்பும், அந்தச் செய்திக்கு 6 பிட்டில் ஒரு வரிசை எண் இருக்கும். அதே ஐஎம்பியிடமிருந்து இரண்டு செய்தி வந்தால் புதியதை வைத்துக்கொண்டு பழையதை விட்டுவிடவேண்டும். 6 பிட்டில் 0 முதல் 63 வரைதான் எண்ண முடியும், 63-க்குப் பிறகு மறுபடி 0, அதனால் எது புதியது என்று பார்க்க ஒரு சுழல் கணக்கு வைத்திருந்தார்கள். இரண்டு எண்ணுக்கும் இடையே வித்தியாசம் 32-க்குள் இருந்தால் பெரியது புதியது, அதற்கு மேல் போனால் சின்னதுதான் ஒரு சுற்று முடித்து வந்த புதியது.

அன்றைக்கு ஒரு வன்பொருள் கோளாறால் நினைவகத்தில் பிட்டுகள் உதிர்ந்தன. ஒரே ஐஎம்பியின் பெயரில் 44, 40, 8 என்ற மூன்று வரிசை எண்களோடு செய்திகள் வலைப்பின்னலுக்குள் சுற்ற ஆரம்பித்தன. இரண்டடிமானத்தில் 44 என்பது 101100. ஒரு 1 உதிர்ந்தால் 101000, அது 40. இன்னொரு 1 உதிர்ந்தால் 001000, அது 8. இப்போது மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40-ஐவிட 44 புதியது. 8-ஐவிட 40 புதியது, வித்தியாசம் சரியாக 32. ஆனால் 44-க்கும் 8-க்கும் வித்தியாசம் 36, ஆகவே 44-ஐவிட 8 புதியது! மூன்றில் எது வந்தாலும் ஒவ்வொரு ஐஎம்பியும் "இது புதுசு" என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பியது, அவர்களும் அப்படியே செய்தார்கள், முடிவே இல்லாமல். ஒரு பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டாலும் பயன் இல்லை, எழுந்த மறுநிமிடமே பக்கத்துப் பெட்டி அதே செய்தியைக் கொடுத்துவிடும். கடைசியில் அந்தக் குறிப்பிட்ட ஐஎம்பியின் செய்திகளைப் புறக்கணிக்கும்படி மென்பொருளை ஒட்டுப்போட்டு மாற்றித்தான் மீட்டார்கள். கம்பியில் போகும்போது பிழை வந்தால் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பு இருந்தது, பெட்டிக்குள் நினைவகத்தில் கிடக்கும்போது உதிர்ந்த பிட்டை அது பிடிக்கவில்லை. எரிக் ரோசன் 1981-இல் இதை ஆர்எஃப்சி என்ற தொழில்நுட்ப ஆவண வரிசையில் 789-ஆம் எண்ணாக எழுதி வைத்தார். வலைப்பின்னல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதை ஒரு தடவை வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் தப்பு நடந்ததை மறைக்காமல், பிட் பிட்டாகப் பிரித்துக் காட்டும் எழுத்து அது.

இன்றைய ரவுட்டருக்குள் வருவோம். ஒரு சிஸ்கோ ரவுட்டரை எடுத்துக்கொண்டால் வழக்கமாக நான்கு வகை நினைவகம் சொல்வார்கள். வீட்டு ரவுட்டரிலும் இதே வேலைகள் உண்டு, சில்லு எண்ணிக்கை மட்டும் குறையும். ரோம் என்பது மாறாதது. கரண்டு வந்ததும் முதலில் விழிப்பது அதுதான், வன்பொருளைச் சோதித்துப் பார்த்துவிட்டு இயங்குதளம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகும். அந்த இயங்குதளம் இருக்கும் இடம் ஃபிளாஷ், கரண்டு போனாலும் அழியாது, ஆனால் புதுப் பதிப்பு ஏற்றலாம். ரவுட்டரில் நாம் செய்த அமைப்புகள், அதாவது முகவரிகள், கடவுச்சொல், கையால் எழுதிய வழிகள், இவை இருக்கும் இடம் என்விராம். அதுவும் அழியாது, மிகச் சின்னது, எழுத்துக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளும் அளவுதான் தேவையும். நான்காவது ராம். ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் உயிர் இருப்பது இங்கேதான்: வழி அட்டவணை, பக்கத்துக் கருவிகளின் வன்பொருள் முகவரிப் பட்டியல், வரிசையில் காத்திருக்கும் பாக்கெட்டுகள், இப்போது நடப்பில் இருக்கும் அமைப்பு, எல்லாமே. கரண்டு போன நொடியில் இது முழுவதும் போய்விடும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். அமைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ராமில் இருப்பது ரன்னிங்-கான்ஃபிக், இப்போது நடப்பது. என்விராமில் இருப்பது ஸ்டார்ட்டப்-கான்ஃபிக், அடுத்த தடவை எழும்போது படிக்கப்போவது. சிஸ்கோ ரவுட்டரில் நீங்கள் ஒரு கட்டளை அடித்தால் அது ராமில் மட்டும்தான் மாறும், உடனே வேலையும் செய்யும், அதனால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும். ரன்னிங்கை ஸ்டார்ட்டப்புக்குப் பிரதி எடுக்கும் கட்டளையையும் கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

ஊருக்கு வெளியே ஓர் ஆலையில் இதனால் ஒரு காலைப்பொழுது முழுக்க லோரிகள் நின்றன. முந்தின இரவு கரண்டு போய் வந்திருக்கிறது. காலையில் எடை போடும் அறையின் கணினிக்கு ஆபீஸ் சர்வர் கிடைக்கவில்லை, எடை பதிவாகாமல் லோரியை உள்ளே விடமுடியாது. செம்பனைக் குலை அறுத்தபின் நேரம் கடக்கக் கடக்க அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும், அதனால் அங்கே தாமதம் என்பது நேரடியாகப் பணம். வந்த ஒப்பந்தக்காரர் கேபிளை மாற்றினார், சுவிட்சை மாற்றினார், அப்புறம் ரவுட்டரே போச்சு என்று சொல்லிப் புதுசுக்கு விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கிராணி ஐயாதான் என்னைக் கூப்பிட்டார், "தம்பி, வாங்குறதுக்கு முன்ன நீங்க ஒரு தடவ பாத்துருங்க" என்றார். ரவுட்டர் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணையைக் கொண்டுவந்து பார்த்தால் எடை அறைக்குப் போகும் /24 வரி இல்லை, அந்தப் பாக்கெட்டுகள் எல்லாம் /16 வரியில் பொருந்தி ஆலைப் பக்கம் போய் அங்கே தொலைந்துகொண்டிருந்தன. வயர்லெஸ் இணைப்பு போட்ட காலத்துக் காகிதக் கோப்பை எடுக்கச் சொன்னேன். அதில் அந்த வழி எழுதப்பட்டிருந்தது. ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கில் இல்லை. இணைப்பைப் போட்டவர்கள் கட்டளையை அடித்திருக்கிறார்கள், வேலை செய்திருக்கிறது, சேமிக்காமல் போய்விட்டார்கள். மாதக்கணக்கில் கரண்டு போகாமல் இருந்ததால் ராமில் இருந்த அந்த ஒரு வரியை நம்பி ஆலையே ஓடியிருக்கிறது. வரியை எழுதி, சேமித்து, கிராணி ஐயாவின் கண் முன்னாலேயே ரவுட்டரை நிறுத்திப் போட்டுக் காட்டினேன். நான் வேலை முடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் கடைசிப் படியை விடுவதில்லை, மற்ற யார் வேலை செய்தாலும் நீங்கள் நின்று இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லை, ராம் நிரம்புவது. டவுனில் ஒரு டியூஷன் நிலையம், மாலையானால் பிள்ளைகள் நிறைந்துவிடுவார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபோன். இரவு 8 மணி வாக்கில் புதிதாக எதுவும் திறக்காது, ஏற்கெனவே திறந்த வீடியோ மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும், மறுநாள் அதே கதை. அதை நடத்தும் அக்கா தினமும் 7 மணிக்கு ரவுட்டரை நிறுத்திப் போடுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தார். நம் வீட்டு முகவரிகள், அதாவது 192.168 என்று தொடங்குபவை, வெளி உலகில் செல்லாது. ரவுட்டர்தான் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றி அனுப்புகிறது, திரும்பி வரும் பதில் யாருடையது என்று தெரியவேண்டுமே, அதற்காக ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு குறிப்பை ராமில் எழுதிக்கொள்ளும். மலிவு விலை ரவுட்டரில் இந்தக் குறிப்புகளுக்குச் சில ஆயிரம் இடம்தான் வைத்திருப்பார்கள். ஒரு ஃபோனில் சில செயலிகள் திறந்திருந்தாலே டஜன் கணக்கில் இணைப்பு போகும். பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாலும் முறையாக மூடப்படாத இணைப்பின் குறிப்பு அப்படியே கிடக்கும், பல ரவுட்டர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளக் கருவின் இயல்பான அமைப்பில், டிசிபி என்ற வகை இணைப்பின் அப்படிப்பட்ட ஒரு குறிப்பு 5 நாள்கூடத் தங்கும். இடம் நிறைந்ததும் புது இணைப்புக்குக் கதவு அடைப்பு. நிறுத்திப் போடுவது ராமைத் துடைத்துவிடுகிறது, அதனால்தான் அது வேலை செய்கிறது. அங்கே நான் அந்தக் கால அளவைக் குறைத்துவிட்டு, குறிப்பு எண்ணிக்கையின் உச்சவரம்பை ராம் தாங்கும் அளவுக்கு உயர்த்தினேன். அக்காவின் 7 மணிப் பழக்கம் அதோடு நின்றது.

ராம் அதிகமாக இருந்தால் எல்லாம் நல்லது என்று இதை வைத்து முடிவு கட்டிவிடவேண்டாம். காத்திருக்கும் பாக்கெட்டுகளுக்கு ஒதுக்கிய இடம், பஃபர், தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அதுவும் தொல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், அம்மா இங்கே லயத்து வீட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறார், அதே நேரம் பேத்தி கல்யாணப் படங்களைக் கூகுளில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். மேலேற்றும் வேகம் விநாடிக்கு 512 கிலோபிட், ரவுட்டரில் 256 கிலோபைட் பஃபர் என்று வைத்துக்கொண்டால், பஃபர் நிறைந்தபின் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் 4 விநாடி வரிசையில் நிற்கும். அம்மா "சாப்டியாப்பா" என்று கேட்பது 4 விநாடி கழித்து மகன் காதில் விழும், அதற்குள் அவன் வேறு ஏதோ பேசியிருப்பான். ஒரு பாக்கெட்டும் தொலையாது, வேகச் சோதனை செய்தால் எண்ணும் அழகாக வரும், ஆனால் பேசமுடியாது. கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டுபிடித்து பஃபர்புளோட் என்று பெயரிட்டார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள், வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் பார்க்காமல் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்த்து உதிர்க்கும் முறை. உங்கள் ரவுட்டரின் அமைப்பில் எஸ்க்யூஎம் என்று, இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் வசதி ஒன்று இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள், வயதானவர்கள் பேசும் வீடுகளில் அதன் அருமை அன்றைக்கே தெரியும்.

பெரிய ரவுட்டர்களில் ஐந்தாவதாக ஒரு நினைவகம் உண்டு, டிகேம். சாதாரண நினைவகத்திடம் இடத்தின் எண்ணைக் கொடுத்தால் உள்ளே இருப்பதைச் சொல்லும். டிகேமிடம் பாக்கெட்டின் முகவரியைக் கொடுத்தால், எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்து எது பொருந்துகிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். 0, 1 தவிர "எதுவாக இருந்தாலும் சரி" என்ற மூன்றாவது நிலையும் அதன் ஒவ்வொரு பிட்டுக்கும் உண்டு, /16, /24 எல்லாம் அதில் அப்படியே உட்காரும். விலை அதிகம், மின்சாரம் நிறையக் குடிக்கும், அதனால் அளவோடுதான் வைப்பார்கள். 2014 ஆகஸ்ட் 12 அன்று அந்த அளவு உலகத்தைத் தொட்டது. அப்போது பரவலாக இருந்த சில பழைய ரவுட்டர் மாதிரிகளில் ஐபிவி4 (நாம் மேலே பார்த்த 32 பிட் முகவரி) வழிகளுக்கு இயல்பாக 512கே, அதாவது சுமார் 5 லட்சம் இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்று தன் முகவரித் தொகுதிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, சுமார் 15,000 கூடுதல் வழிகளாக, கொஞ்ச நேரம் அறிவித்துவிட, இணையத்தின் மொத்த அட்டவணை அந்த எல்லையை முட்டியது. டிகேமில் இடம் கிடைக்காத வழிகளுக்கான பாக்கெட்டுகளை ரவுட்டரின் செயலியே கையாளவேண்டி வந்து திணறியது, பல தளங்கள் தடுமாறின. ஒதுக்கீட்டை மாற்றி, ரவுட்டரை நிறுத்திப் போட்டுத்தான் சரிசெய்தார்கள். இப்போது அந்த அட்டவணை 9 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

நம் நாடும் இந்த வரலாற்றில் ஓர் இடத்தில் வருகிறது. 2015 ஜூன் 12 அன்று மலேசிய நேரம் மாலை 4:43 வாக்கில் டெலிகொம் மலேசியாவிலிருந்து சுமார் 179,000 வழிகள் தவறுதலாக லெவல் 3 நிறுவனத்துக்குக் கசிந்தன, லெவல் 3 அவற்றை நம்பி உலகத்துக்குச் சொன்னது, பல நாடுகளின் பாக்கெட்டுகள் மலேசியா பக்கம் திரும்பி நெரிசலில் மாட்டின. சொல்பவரும் வடிகட்டவேண்டும், கேட்பவரும் வடிகட்டவேண்டும் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுக்கும் உதாரணம் இது.

வகுப்பு என்றேன் அல்லவா, சனிக்கிழமை மாலைகளில் ஒரு கூடத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கழித்துப் போட்ட அலுவலக ரவுட்டர்களை ஈப்போவிலிருந்து மலிவாக வாங்கி வருவோம். பெரும்பாலும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லோடுதான் வரும், அதுவே முதல் பாடமாக நன்றாக அமைந்துவிடுகிறது. கடவுச்சொல் எங்கே இருக்கிறது? ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கில், என்விராமில். இயங்குதளம் எங்கே? ஃபிளாஷில். அப்படியென்றால் என்விராமைப் படிக்காமலேயே ரவுட்டரை எழுப்பினால்? சிஸ்கோவில் அதற்கு ஓர் அமைப்பெண் இருக்கிறது. வழக்கமாகப் பதினாறடிமானத்தில் 2102 என்று இருக்கும், எழும்போதே குறுக்கிட்டு ரோமின் கட்டளைப் பகுதிக்குள் போய் அதை 2142 ஆக்கினால் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கைத் தொடாமல் எழும். பூட்டிய பெட்டி கேள்வி கேட்காமல் திறக்கும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் இந்த வகுப்பை நடத்துகிறேன் என்று சொல்லலாம். திரும்ப 2102 ஆக்கிவிடவேண்டும் என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அமைப்பே இல்லாமல்தான் எழும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகள், படிவம் 5 முடித்தவள், ஒரு நாள் கேட்டாள்: "சார், ரெண்டு ரவுட்டரும் நீ போ நீ போன்னு ஒண்ண ஒண்ணு காட்டினா?" எவ்வளவு நல்ல கேள்வி. அடுத்த சந்தி மட்டும் தெரிந்த முறையில் அது நடக்கத்தான் செய்யும். அதற்காகத்தான் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் டிடிஎல் என்ற எண் இருக்கிறது, 8 பிட், அதிகபட்சம் 255. ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழித்துவிட்டு அனுப்பும், 0 ஆனால் எறிந்துவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். அந்தத் தகவலையே கருவியாக்கியதுதான் டிரேஸ்ரூட். டிடிஎல் 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, எந்த ரவுட்டர் எறிந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வது. இரண்டு பழைய ரவுட்டர்களை எதிரும் புதிருமாகக் காட்டவைத்து அவளையே ஓடவிடச் சொன்னேன், திரையில் இரண்டே முகவரிகள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. அவள் இப்போது ஈப்போவில் போலிடெக்னிக்கில் படிக்கிறாள்.

கடைசியாக, வாங்கும் விஷயம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வயர்லெஸ் வேகம், அதை வைத்து மட்டும் வாங்காதீர்கள். 2002 இறுதியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் ஆரம்பப் பதிப்புகளில் 4 எம்பி ஃபிளாஷும் 16 எம்பி ராமும் இருந்தன, லினக்ஸில் ஓடியது, அதன் மூலநிரலிலிருந்துதான் ரவுட்டர்களில் நாமே ஏற்றிக்கொள்ளும் இலவச இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஐந்தாவது பதிப்பில் அதே பெயர், அதே நீலப் பெட்டி, உள்ளே 2 எம்பி ஃபிளாஷ், 8 எம்பி ராம். பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் வேறு ரவுட்டர்தான் வீட்டுக்கு வரும். இன்று ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றிப் பல ஆண்டு வைத்துக்கொள்ளவேண்டும் என்றால் குறைந்தது 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் வேண்டும், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நிம்மதி. கடைக்காரரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலிருந்து படம் எடுத்துக்கொண்டு வந்து, ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் இருக்கும் கருவிகளின் அட்டவணையில் தேடுங்கள், ஃபிளாஷும் ராமும் அங்கே பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருக்கும்.